கல்லாவில் சொல்வதா, கண்டும் காணாமல் போவதா?

விழுப்புரத்தில் ஒருவர், உறவினரின் நினைவு நாளுக்காக 2022 நவம்பரில் ஓர் உணவகத்தில் 25 சாப்பாட்டுப் பார்சல் வாங்கினார். ஒன்று 80 ரூபாய், ஆக 2,000. பிரித்துப் பார்த்தால் ஒன்றில்கூட ஊறுகாய் இல்லை. கடைக்குத் திரும்பிப் போய், பொட்டலத்துக்கு ஒரு ரூபாய் கணக்கில் 25 ரூபாயைத் திருப்பித் தரச் சொன்னார். தர மறுத்துவிட்டார்கள். 2024 ஜூலையில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் உத்தரவிட்டது: மன உளைச்சலுக்கு 30,000 ரூபாய், வழக்குச் செலவுக்கு 5,000, ஊறுகாய்க்கு 25.

செய்தி வந்த அன்று டீக்கடையில் இதைப் படித்த எல்லாருக்கும் ஒரே சிரிப்பு. "ஊறுகாய்க்குப் போய் கேஸு போடுவானாய்யா ஒரு மனுசன்" என்றார் ஒருவர். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது, அந்த மனிதர் முதலில் போனது கோர்ட்டுக்கு இல்லை, கடைக்கு. கேட்டது 35,000 இல்லை, 25. கல்லாவில் இருந்தவர் "தப்பாயிடுச்சுண்ணே" என்று இரண்டு பத்து ரூபாய் நோட்டையும் ஓர் ஐந்து ரூபாய்க் காசையும் எடுத்து நீட்டியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஊர் சிரிக்க வாய்ப்பே வந்திருக்காது.

கடையில் ஒரு குறையைப் பார்த்தால் வாடிக்கையாளர் வாய் திறக்க வேண்டுமா என்று கேட்டால், திறக்கத்தான் வேண்டும் என்பேன். அதில் எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. யாரிடம் திறப்பது என்பதில்தான் நம்மில் பலர் கோட்டை விடுகிறோம். நான் படிக்கிற காலத்தில் கோவில்பட்டிப் பக்கம் சித்தப்பாவின் மளிகைக் கடையில் விடுமுறைக்கு விடுமுறை பொட்டலம் மடித்தவன். அதனால் கல்லாவின் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும். எழுதுவதில் கடைக்காரர் பக்கம் சாய்வு தெரிந்தால் அதற்குக் காரணம் அந்தப் பொட்டலங்கள்தான்.

முதலில், ஏன் சொல்லாமல் போகிறோம்?

நேரமில்லை என்பது ஒன்று. இரண்டு ரூபாய்க்கு மல்லுக்கட்டுகிறானே என்று பின்னால் நிற்பவர் நினைப்பாரே என்கிற கூச்சம் ஒன்று. அதைவிடப் பெரியது, "எல்லாரும் வாங்கிட்டுத்தான் போறாங்க, உங்களுக்கு மட்டும் என்ன சார்?" என்ற கேள்வி. கடைக்காரர் அதைக் கேட்க வேண்டியதில்லை, நமக்குள்ளேயே அது கேட்டுவிடுகிறது. போன மழைக்காலத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் எண்ணெய் பாக்கெட் உடைந்து தரையெல்லாம் வழிந்துகிடந்தது. எனக்கு முன்னால் நான்கு பேர் அதைப் பார்த்துச் சேலையையும் வேட்டியையும் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனார்கள். ஐந்தாவதாக நானும் அப்படியே சுற்றிப் போனேன். இத்தனை பேர் பார்த்தாயிற்று, யாராவது சொல்லியிருப்பார்கள் என்றுதான் ஒவ்வொருவரும் நினைத்திருப்போம். பருப்பு அலமாரிப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகு மனசு கேட்காமல் திரும்பி வந்து ஒரு பையனைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவனுக்கு அதுவரை தெரியவே தெரியாது.

இதை லட்டானே, டார்லி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1968-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஓர் அறையில் மாணவரை உட்கார வைத்து ஏதோ படிவத்தை நிரப்பச் சொல்லிவிட்டு, சுவரில் இருந்த துளை வழியாகப் புகையை உள்ளே விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்து போய்ச் சொன்னார்கள். கண்டும் காணாததுபோல் எழுதிக்கொண்டிருக்கும்படி முன்கூட்டியே சொல்லிவைத்த இருவரைக் கூட உட்கார வைத்தபோது, சொன்னவர்கள் 10 சதவீதம். புகை கண்ணைக் கரித்தபோதும் கையால் விசிறிவிட்டுக்கொண்டு எழுதினார்களே தவிர எழுந்திருக்கவில்லை. கூட்டமில்லாத அண்ணாச்சி கடையில் "பருப்புல வண்டு இருக்கே அண்ணாச்சி" என்று எளிதாகச் சொல்பவர், நூறு பேர் நடமாடும் பெரிய கடையில் அதே வண்டைப் பார்த்துவிட்டுப் பேசாமல் பாக்கெட்டைத் திரும்ப வைத்துவிட்டுப் போவது ஏன் என்பது இதில் விளங்கும்.

பேசாமல் போனால் கடைக்குத்தானே நஷ்டம், நமக்கென்ன? நியாயமான கேள்விதான். ஒரு கடை சரியில்லை என்றால் அடுத்த கடை. சந்தை தானாகச் சரிசெய்துகொள்ளும் என்று பொருளாதாரப் பாடமும் சொல்கிறது. ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970-ல் இதை மறுத்தார். அவருக்கு அந்த யோசனையைத் தந்தது நைஜீரியாவின் ரயில்வே. நிலக்கடலை மூட்டைகளை வடக்கிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் துறைமுகத்துக்கு அனுப்ப ரயில்தான் தோது. ஆனால் சேவை மோசமானதால் வியாபாரிகள் லாரிக்கு மாறிக்கொண்டார்கள். போட்டி வந்ததே, இனி ரயில்வே திருந்தும் என்றுதானே எதிர்பார்ப்போம். திருந்தவில்லை. ஏனென்றால் சத்தம் போடக்கூடியவர்கள், தரத்தை அறிந்தவர்கள் முதலில் வெளியேறிவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு வேறு வழியும் இல்லை, குரலும் இல்லை.

சித்தப்பா கடையில் இதைச் சின்ன அளவில் பார்த்தேன். மாதாமாதம் நோட்டுப் போட்டு வாங்கும் ஆசிரியர் ஒருவர் திடீரென்று வருவதை நிறுத்திவிட்டார். பாக்கி எதுவும் இல்லை. ஒரு வருஷம் கழித்துக் கல்யாண வீட்டில் பக்கத்துப் பந்தியில் உட்கார்ந்தவரிடம் சித்தப்பா கேட்டேவிட்டார். "ஒண்ணுமில்ல... ரெண்டு தடவை புளி ஈரமா இருந்துச்சு. சொன்னா சங்கடப்படுவீயளேன்னு விட்டுட்டேன்" என்றார் அவர். சித்தப்பா அன்று சரியாகச் சாப்பிடவில்லை. அந்தப் புளி மூட்டை எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். அப்போதே சொல்லியிருந்தால் அந்த மண்டிக்கே திருப்பி அனுப்பியிருப்பார். மரியாதைக்காகச் சொல்லாமல் போனவரால், அந்த ஒரு வருஷமும் ஈரப்புளியை வாங்கிப் போனவர்கள் எத்தனை பேரோ.

ஆகவே சொல்வது கடைக்கும் நல்லது, அடுத்து வருபவருக்கும் நல்லது. சிக்கல் இதற்கு அப்புறம்தான். நாம் பார்க்கிற குறைகளில் பாதி, நமக்கு எதிரே நிற்பவர் செய்தவை அல்ல.

பெரிய கடைகளில் அடிக்கடி நடப்பது விலை மாறுபாடு. அலமாரியில் ஒரு விலை, பில்லில் வேறு. உடனே "ஏமாத்துறீங்களா?" என்று கேஷியர் மேல் பாய்கிறோம். உள்ளே நடப்பது பெரும்பாலும் இதுதான்: ஒரே பொருள், ஒரே பார்கோடு. ஆனால் பழைய சரக்கில் ஒரு எம்.ஆர்.பி., புதுச் சரக்கில் இன்னொன்று. ஸ்கேன் செய்ததும் கணினி இரண்டு விலையையும் காட்டி எது என்று கேட்கும். வரிசை நீளமாக இருக்கும்போது அந்தப் பெண் மேலே இருப்பதைத் தட்டிவிடுவார். இல்லையென்றால் சலுகை நேற்றே முடிந்திருக்கும், சீட்டை எடுக்க வேண்டிய பையன் லீவில் இருப்பான். 2025 செப்டம்பர் 22-ல் ஜிஎஸ்டி குறைந்தபோது இந்தக் குழப்பம் உச்சத்துக்குப் போனது. பிஸ்கட், ஷாம்பு எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. அலமாரியில் பழைய விலை அச்சிட்ட சரக்கும் புது விலை ஸ்டிக்கர் ஒட்டிய சரக்கும் கலந்து கிடந்தன. இந்த மாதிரி நேரத்தில் சொல்லாமல் விட்டால் அது நம் பில்லோடு முடியாது. அன்று அந்தப் பொருளை வாங்கும் அத்தனை பேர் பில்லிலும் ஏறும். சொல்லத்தான் வேண்டும். "இதுல வேற விலை போட்டிருக்கேம்மா, ஒரு தடவை பாருங்க" என்றால் போதும், திருட்டுப் பட்டம் கட்டத் தேவையில்லை.

காலாவதிப் பொருளும் அப்படித்தான். சின்னக் கடையில் தேதி முடிந்த பிஸ்கட்டோ மசாலாவோ இருந்தால் அண்ணாச்சி வேண்டுமென்றே விற்கிறார் என்று நினைக்கிறோம். சில இடங்களில் அதுவும் நடக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பல கம்பெனிகள் தேதி முடிந்த சரக்கை ஏஜென்சி வழியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளும் என்பது பேச்சு. நடப்பில், ஆர்டர் எடுக்க வாராவாரம் வரும் லைன் பையன் "அடுத்த தடவை எடுத்துக்கிறேன் அண்ணாச்சி" என்று மாதக்கணக்கில் இழுப்பான். தனியாக எடுத்துவைத்த பெட்டி ஒரு நாள் தவறி அலமாரிக்கு வந்துவிடும். இதைப் பார்த்துச் சொல்கிற வாடிக்கையாளர், அண்ணாச்சிக்கு அந்த லைன் பையனிடம் சண்டை போட ஒரு காரணத்தைக் கையில் கொடுக்கிறார். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பழைய தேதிப் பால் பாக்கெட் விற்காமல் தங்கிப்போவதில் நமக்கும் பங்கு உண்டு. கையை உள்ளே விட்டு அடியில் இருக்கும் புதுத் தேதி பாக்கெட்டை உருவுகிறவர்கள் நாம்தானே?

ரேஷன் கடை இதில் தனி ரகம். பத்து கிலோவுக்கு ஒன்பதரை கிலோதான் இருக்கிறது என்று விற்பனையாளரிடம் சண்டை போடாத தெரு தமிழ்நாட்டில் கிடையாது. விற்பனையாளர்களோ, கிடங்கிலிருந்து வரும் மூட்டையிலேயே எடை குறைகிறது, சரக்கை எடை போட்டுத் தர வேண்டும், பொட்டலமாகவே தர வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கோரிக்கை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆய்வில் இருப்பு குறைந்தால் அபராதம் அவர் தலையில். மூட்டையில் குறைந்ததை அவர் எங்கே போய்ச் சரிக்கட்டுவார்? மக்களின் பைகளில்தான். அது சரியென்று நான் சொல்லவில்லை. எடைத் தராசை விற்பனை முனையக் கருவியோடு இணைக்கும் ஏற்பாடு வந்த பிறகு கடையில் குறைப்பது கடினமாகியிருக்கிறது. கிடங்கில் குறைந்தால் என்ன செய்வது என்ற கேள்வி முன்னைவிடக் கூர்மையாகியிருக்கிறது. இங்கே குரல் போய்ச் சேர வேண்டிய இடம் அந்தக் கம்பி ஜன்னல் இல்லை. 1967 என்ற எண்ணில் உணவுத் துறையின் புகார் மையம் இருக்கிறது. நூறு கார்டுதாரர்கள் ஜன்னலில் கத்துவதைவிட, இருபது பேர் அங்கே பதிவு செய்தால் கிடங்கு வரை கேட்கும்.

சரி, தெரிந்தே செய்கிறவர்கள்? அவர்களிடம் மெல்லப் பேசுவதில் பொருளில்லை.

நம் ஊரில் பழகிப்போன சில தவறுகள் உண்டு. குளிர்பான பாட்டிலுக்கு "கூலிங் சார்ஜ்" என்று இரண்டு ரூபாய் சேர்த்து வாங்குவது. எம்.ஆர்.பி. என்பது எல்லா வரிகளும் சேர்ந்த உச்ச விலை, ஃபிரிட்ஜுக்குத் தனிக் கட்டணம் அதில் கிடையாது. டாஸ்மாக்கில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதல் என்ற புகார் அரசியல் மேடைகள் வரை ஏறியது எல்லாருக்கும் தெரியும். தீபாவளிக்கு இனிப்பு வாங்கும்போது கனமான அட்டைப் பெட்டியைத் தட்டில் வைத்து அதிலேயே இனிப்பை அடுக்கி நிறுப்பார்கள். கிலோ 800 ரூபாய் இனிப்பு என்றால் 100 கிராம் பெட்டியை 80 ரூபாய்க்கு வாங்கி வருகிறோம் என்று அர்த்தம். காலிப் பெட்டியை வைத்து எண்ணை முதலில் சுழியமாக்கச் சொன்னால் போதும். வாய் திறந்து கேட்ட இடங்களில் ஒருவரும் எனக்கு மறுத்ததில்லை. ஆனால் எனக்கு அடுத்து நின்றவருக்குப் பெட்டி பழையபடி இனிப்போடுதான் தட்டில் ஏறியது.

தராசுக்கும் சட்டம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி கடைத் தராசில் ஆய்வாளரின் முத்திரை இருக்க வேண்டும், மின்னணுத் தராசு என்றால் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், அந்தச் சான்றிதழைக் கடையில் தெரியும்படி மாட்ட வேண்டும். தமிழ்நாட்டில் இதைப் பார்ப்பது தொழிலாளர் துறை. பலருக்கு இது தெரியாததால் புகாரைக் காவல் நிலையம், ரெவின்யூ ஆபீஸ் என்று சுற்றவிடுகிறார்கள். பெட்ரோல் பங்க்கில் சந்தேகம் என்றால் ஐந்து லிட்டர் அளவுக் கலத்தில் ஊற்றிக் காட்டச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதி. உரிமை இருக்கிறது, ஆனால் பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கும்போது அதைக் கேட்பதற்கு ஒரு தனி நெஞ்சு வேண்டும்.

பொட்டலங்களில் எவ்வளவு குறையலாம் என்பதற்கும் அட்டவணை உண்டு. 50 முதல் 100 கிராம் வரையிலான பாக்கெட்டில் 4.5 கிராம் வரை விதி விட்டுக்கொடுக்கிறது. இந்தக் கணக்கு ஒரு பிரபலமான வழக்கில் விவாதத்துக்கு வந்தது. சென்னைக்காரர் ஒருவர் தெருநாய்களுக்குப் போட சன்ஃபீஸ்ட் மேரி லைட் பிஸ்கட் வாங்கினார். உறையில் 16 என்று அச்சிட்டிருந்தது, உள்ளே 15. கடையில் கேட்டார், கம்பெனியைக் கேட்டார், சரியான பதில் இல்லை. வழக்கு திருவள்ளூர் மாவட்ட ஆணையத்துக்குப் போனது. நாங்கள் எண்ணி விற்பதில்லை, எடைக்கு விற்கிறோம், உறையில் 76 கிராம் என்று இருக்கிறது என்றது ஐ.டி.சி. பிரிக்காத பாக்கெட்டுகளை நிறுத்துப் பார்த்தால் 74 கிராம். 4.5 கிராம் சலுகை உண்டே என்றது நிறுவனம். அந்தச் சலுகை ஆவியாகிக் குறையக்கூடிய பொருள்களுக்கு, பிஸ்கட்டுக்கு இல்லை என்றது ஆணையம். 2023-ல் ஒரு லட்சம் ரூபாய் இழப்பீடும் 10,000 ரூபாய் செலவுத் தொகையும் தர உத்தரவானது. எண்ணிக்கையில் தப்பிக்க எடையைக் காட்டிய நிறுவனம் எடையிலேயே மாட்டிக்கொண்டது.

ஊறுகாய், பிஸ்கட் இரண்டிலும் பொதுவாக ஒன்று இருப்பதைக் கவனித்தீர்களா? இரண்டு பேருமே முதலில் கடையில் சொன்னவர்கள். 2019-ல் சண்டிகரில் பாட்டா கடையில் மூன்று ரூபாய் காகிதப் பைக்குப் பணம் வாங்கியதை எதிர்த்தவரும் அந்த ரகம்தான். கம்பெனி விளம்பரம் அச்சிட்ட பையை என்னையே காசு கொடுத்துச் சுமக்கச் சொல்கிறாயா என்பது அவர் வாதம். ஆணையம் அதை ஏற்று, அபராதமும் இழப்பீடுமாக ஏறத்தாழ 9,000 ரூபாய் கட்டச் சொன்னது. மூன்று ரூபாயை யாரும் தூக்கத்தில் நினைத்துப் புலம்பமாட்டார்கள். கேட்டபோது கிடைத்த அலட்சியம்தான் அவர்களைக் கோர்ட் படி ஏற்றியது.

அந்தப் படிகள் முன்பு போல் உயரமில்லை என்பதும் சொல்ல வேண்டிய செய்தி. 1986-ல் வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பதிலாக 2019-ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கிறது. கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பரிசோதனை தேவையில்லாத வழக்கை மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஊறுகாய்க்கு ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆனது என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது, தமிழிலும் பேசலாம். பல பெரிய நிறுவனங்களுக்கு அங்கிருந்தே புகார் போய்விடும். கெட்டுப்போன உணவு என்றால் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணுக்குப் படத்தோடு அனுப்பலாம். எல்லாவற்றுக்கும் பில் வேண்டும். "பில் வேணுமா சார்?" என்ற கேள்விக்கு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வருபவருக்கு இதில் எதுவும் பயன்படாது.

படம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. இப்போது குறையைக் கண்டதும் பலருடைய கை பாக்கெட்டுக்குப் போகிறது, செல்பேசியை எடுக்க. பண்டத்தின் தேதியை, பில்லை, தராசின் எண்ணைப் படமெடுப்பது சாட்சி. பதில் சொல்லத் தெரியாமல் விழிக்கும் விற்பனைப் பெண்ணின் முகத்துக்கு நேரே கேமராவைப் பிடித்து, "பாருங்க மக்களே" என்று ஆரம்பிப்பது வேறு வேலை. அந்த வீடியோ லட்சம் பேரைச் சேரும். முதலாளி யாரென்று ஒருவருக்கும் தெரியாது, அந்தப் பெண்ணின் முகம் மட்டும் ஊருக்கெல்லாம் தெரியும். மறுநாள் வேலை போவதும் அவளுக்குத்தான். கெட்டுப்போன சரக்கைக் கொள்முதல் செய்தது அவளா?

தவறு நமக்குச் சாதகமாக இருந்தால் என்ன செய்கிறோம் என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டு எண்ணெய் பாக்கெட்டுக்கு ஒன்றுதான் பில்லில் ஏறியிருக்கிறது. சில்லறையில் நூறு ரூபாய் அதிகம் வந்திருக்கிறது. பெரிய கடைதானே, நஷ்டமா ஆகிவிடப் போகிறது என்று நடையைக் கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ராத்திரி கல்லாக் கணக்குப் பார்க்கும்போது குறையும் தொகையைச் சம்பளத்தில் பிடிக்கிற கடைகள் நிறைய உண்டு. என் அத்தை மகள் ஜவுளிக்கடை கேஷில் இருந்த இரண்டு ஆண்டில், முழுச் சம்பளம் வாங்கிய மாதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு ரூபாய் கூடினால் குரல் உயர்த்துகிற நாம் நூறு ரூபாய் குறைந்தால் வாய் மூடிக்கொள்வது, அந்தக் கடைக்காரர் ஊறுகாய்க்கு மறுத்ததைவிட உயர்ந்த செயல் இல்லை.

கடையில் கண்ணுக்குத் தெரியும் குறைகளில் பொருள் சம்பந்தப்படாதவையும் உண்டு. ஜவுளிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றபடியே புடவை விரித்துப் போடும் பெண்களைப் பார்த்திருப்பீர்கள். உட்கார ஒரு ஸ்டூல் கிடையாது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில்கூட நிற்க வேண்டும். கேரளத்தில் இதை எதிர்த்து விற்பனைப் பெண்களே போராடினார்கள். 2018-ல் அங்கே சட்டம் திருந்தியது. தமிழ்நாட்டிலும் 1947-ஆம் ஆண்டின் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் திருத்தம் வந்தது: எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வசதி தர வேண்டும். சட்டம் வந்துவிட்டது, ஸ்டூல் வந்ததா என்பது நீங்கள் கடைசியாகப் புடவை எடுத்த கடையை நினைத்துப் பார்த்தால் தெரியும். இதைப் பற்றி வாடிக்கையாளர் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். அந்தக் கடையில் முதலாளி முகம் கொடுத்துக் கேட்கிற ஒரே ஆள் வாடிக்கையாளர்தான் என்பதால்.

அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது. 2017 மே 31 அன்று சென்னை தி.நகர் உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக்கடை ஒன்று தீப்பிடித்தது. விடிகாலை என்பதால் உள்ளே வாடிக்கையாளர் கூட்டம் இல்லை. தீ ஒரு நாளைக்கு மேல் எரிந்து, கட்டடத்தையே இடிக்க வேண்டியதாயிற்று. அதே தி.நகரில் 2008-ல் இன்னொரு பெரிய கடையில் தீப்பிடித்தபோது ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். பண்டிகைக் காலத்தில் அந்த மாதிரிக் கடைகளின் மாடிப்படிகளைப் பாருங்கள். பாதிப் படியில் சரக்குப் பெட்டி, அவசர வழிக் கதவுக்கு முன்னால் தள்ளுபடி விலைத் துணிக்குவியல். இதை நூறு பேர் பார்க்கிறோம். புகை வந்தபோதும் எழுதிக்கொண்டிருந்த மாணவர்களைப் போலத்தான் நாமும், பெட்டிகளைத் தாண்டி மேல் மாடிக்குப் போகிறோம்.

எங்கள் பகுதியில் ஒரு மூன்று மாடிக் கடை. பெயர் வேண்டாம். பின்பக்கப் படிக்கட்டில் எப்போதும் அட்டைப் பெட்டிகள். போன ஆண்டு ஒரு நாள் மேலாளர் அறையைத் தேடிப் போய்ச் சொன்னேன். மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார், அன்றே எடுக்கச் சொல்கிறேன் என்றார். அடுத்த வாரம் படி காலியாக இருந்தது. எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதம் கழித்துப் போனால் பெட்டிகள் பழைய இடத்துக்கு வந்துவிட்டன. திரும்பத் திரும்ப இதையே சொன்னால் என்ன நினைப்பார்களோ என்று தயங்கிக்கொண்டே பில் போடும் வரிசையில் நின்றேன். என் முறை வந்ததும் கேஷில் இருந்த பெண் பொருள்களை ஸ்கேன் செய்தபடியே, நிமிராமல், பக்கத்துக் கவுன்ட்டருக்குக் கேட்காத குரலில் கேட்டார்:

"சார், அன்னைக்குப் படிக்கட்டு விஷயமா மேனேஜர்ட்ட பேசினது நீங்கதானே? மறுபடி ஒரு தடவை சொல்லுங்க சார். நாங்க மத்தியானம் அங்கதான் உக்காந்து சாப்பிடுவோம். நாங்க சொன்னா எடுக்க மாட்டேங்கிறாங்க."

பில்லை வாங்கிக்கொண்டு மறுபடியும் மாடி ஏறினேன்.